இருநூற்றுத் தொண்ணூற்றாறு

பொட்டலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது.
பழுப்புத் தாள். நூல் கட்டு.
செவிலி ஒட்டிய சீட்டில் பெயர் இல்லை, எண் மட்டும்.
பெண், அறுபத்தெட்டு, வயிற்றில் ரத்தக்கசிவு,
வேறு மருந்து எதுவும் எடுக்கவில்லை என்கிறார்
இந்த மூலிகைத் தேநீர் தவிர.

மூலையில் பென்சிலால் 'மூட்டுக்கு' என்றிருந்தது.
வால் நீண்ட அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும்,
தாரியேலுடையது.
என் சமையலறையில், உப்புக்கும் வால்நட்டுக்கும் நடுவே
அதே தாள், அதே நூல்.

குத்தாயிசியில் எங்கள் ஆய்வகம் சின்னது.
ஜன்னலைத் திறந்தால் ரியோனி ஆறு இரையும்,
மூடினால் வெற்றிடப் பம்பு இரையும்.
இரண்டில் ஒன்றுக்குள்தான் பதினோரு வருடம்.
நிறைமானி
ஒரு குளிர்சாதனப் பெட்டியைவிடப் பெரிதில்லை,
விலைக்கு எங்கள் தெருவையே விற்றாலும் போதாது.

இலைத்தூளை மெத்தனாலில் கரைத்தேன்,
சுழற்றினேன், வடிகட்டினேன்,
சுண்டுவிரல் நகத்தளவு குப்பியில் எடுத்தேன்.
ஊசிமுனையில் நான்காயிரம் வோல்ட்.
துளி பொடித்துளியாகி, பொடித்துளி ஆவியாகி
ஒவ்வொரு மூலக்கூறும் மின்னூட்டம் ஏந்தித் தனியே பறக்கும்.
ஊர் கேட்பதில்லை, வேர் கேட்பதில்லை,
யார் நோயைத் தீர்த்தாய் என்றும் கேட்பதில்லை.
உன் நிறை என்ன?
அவ்வளவுதான் கேள்வி.

ஒன்பதாம் நிமிடம் வரை திரையில் செடிகள்தான்.
காஞ்சொறி, தைம், பிர்ச் இலை,
ராச்சா குன்றுகளைப் போல ஒன்றன் தோளில் ஒன்று.
பதினோராம் நிமிடத்தில் ஒரு சிகரம்.
மற்றதெல்லாம் அதன் அடியில் புல்லாயின.

இருநூற்றுத் தொண்ணூற்றாறு.
பக்கத்தில் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு, மூன்றில் இரண்டு உயரம்.
அதற்கும் பக்கத்தில் முந்நூறு, குட்டியாக.
அப்பா, பிள்ளை, கைக்குழந்தை என்று படிப்படியாக நிற்கும்
இந்தக் குடும்பத்தை முதலாண்டு மாணவன்கூடச் சொல்லிவிடுவான்:
இரண்டு குளோரின்.
மோதவிட்டு உடைத்தேன். இருநூற்றைம்பது,
பிறகு இருநூற்றுப் பதினைந்து.
டைக்ளோஃபெனாக்.
மருந்துக்கடையில் பட்டை பட்டையாக விற்பது.

பத்ரி தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான்.
'எந்தச் செடி செய்யும் இதை?'
'புகைபோக்கி உள்ள செடி' என்றேன்.
சிரித்தான். எனக்கு வரவில்லை.
வசந்தத்திலிருந்து என் வலது மணிக்கட்டு
பிப்பெட்டை நடுங்காமல் பிடிக்கிறது.
நான் மலைக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை சந்தையில்
தாரியேலிடம் தாளை நீட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார்.
'ஈரம் கட்டாமல் இருக்க ஒரு பொடி சேர்ப்பேன்.
பத்தூமியிலிருந்து ஒருவன் கொண்டுவருவான்.
சுண்ணாம்பு என்றான்.'
பிறகு, ஒரு வாடிக்கையாளர் வந்து போனபின்:
'அதைச் சேர்த்த வருடம்தான் கூட்டம் வந்தது, லாமாரா.'
தெரிந்தே விற்றாரா, சொல்லும்போதுதான் தெரிந்ததா?
அவர் முகத்தில் இரண்டும் ஒரே உயரம்.

அறிக்கை போய்விட்டது, ஆட்கள் வருவார்கள் என்றேன்.
அந்தப் பெண் எப்படி என்று கேட்டார்.
இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள், சூப் குடிக்கிறாராம்.
தலையாட்டினார்.
கட்டிவைத்த பொட்டலங்களின் நூலை
ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார்.

பொடி சேராத இலை ஒரு கைப்பிடி கொடுத்தார்,
காசு வாங்கவில்லை.
திங்களன்று ஓட்டிப் பார்த்தேன்.
பதினோராம் நிமிடம் மேசைபோல் மட்டம்.
ஆறாம் நிமிடத்தில் மட்டும் ஒரு சின்னப் புடைப்பு,
நானூற்று முப்பத்தேழு.
தரவு நூலகத்தில் தேடினேன், பொருத்தம் இல்லை.
மறுபடி தேடினேன், இல்லை.
எதற்காவது ஆகுமா, ஒன்றுக்கும் ஆகாததா?
கருவிக்கு நிறை தெரியும்,
நிறைகுறை தெரியாது.

குறிப்பேட்டில் அந்த எண்ணை எழுதி அடிக்கோடு இட்டேன்.
கோடு நேராக வரவில்லை.
தேநீரை நிறுத்தி ஐந்து நாள்.